முகம் பார்க்கிற அட்டை

கேள்வி: பொப் பாட்டுக் கேட்கிற பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு இசைச் சஞ்சிகை கொண்டுவரப் போகிறோம். எப்படி வடிவமைத்தால் கையில் எடுப்பார்கள்?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முதலில் அட்டை. ஒரே முகம், நேராகப் பார்க்கிற கண், பெயர் உச்சியில் பெரிதாக, ஏனென்றால் கடையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல்பகுதிதான் தெரியும். உள்ளே பாட்டு வரிகள் கட்டாயம் வேண்டும். 1978இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பொப் இசைச் சஞ்சிகை அப்படித்தான் இளசுகளைப் பிடித்தது. வரிகளைப் போட, பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் நடுவில் எதிரெதிரே வருகிற இரண்டு பக்கம் மட்டுமே ஒரே தாளாக விரியும், அதைக் கழற்றிச் சுவரில் ஒட்டுகிற படமாக்குங்கள். வட்ஸ்அப்பில் வந்த படம் அச்சில் மங்கும், மூலப்படமே கேளுங்கள். அப்புறம், மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் பாடுகிற பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமாவது விடுங்கள், கடைசிப் பக்கத்தில் அல்ல, முன்னாலேயே.