அப்பா கிழவியான கதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் ஹைதராபாத் இஃப்ளுவில் (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்கிறாள். அது ஆங்கில வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறேன்? நீங்கள் அங்கே படித்தவர் ஆயிற்றே, சொல்லுங்கள் ஐயா.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது தப்பில்லை அம்மா, கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத்தான் அது தொடங்கியது. கன்னடக் கவிஞர் வி.கே. கோகக் அதன் இயக்குநராக இருந்திருக்கிறார். பள்ளிகள் தாய்மொழி வழிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு அந்த மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்குச் சில பீரியட் மட்டும் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேறு வித்தை வேண்டும். அந்த வித்தையை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரத்தான் அந்த இடம்.

1972-இல் அயல்மொழிகளும் சேர்ந்து பெயர் நீண்டது. ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்து 'சீஃபெல்' என்போம். மறு வருடமே நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அப்புறம் ஷில்லாங், லக்னோ வளாகங்கள். 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகம். உங்கள் மகள் சொல்கிற இஃப்ளு அதுதான். உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், தார்னாக்காவில் இருக்கிறது.

ஆங்கிலத்துக்காக அங்கே வளர்ந்த ஒலியியல் படிப்பு ரஷ்ய மொழி படிக்கப் போன எங்களுக்கும் பயன்பட்டது. மொழி ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு தடுப்பு, ஒரு ஹெட்போன், ஒரு ஸ்பூல் டேப். அதில் வருகிற குரலைக் கேட்டு நாமும் சொல்லவேண்டும். 'பாபா' என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டார். இரண்டு எழுத்தையும் 'பல்' என்பதில் வருவதுபோல் சொன்னால் அப்பா. 'பயம்' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொன்னால் கிழவி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதானே, நான் என்ன செய்வேன்? ஒரு வாரம் என் அப்பாவைக் கிழவியாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ரஷ்ய மொழியில் ஓர் உயிரொலி உண்டு. பக்கத்துத் தடுப்பில் இருந்த வடநாட்டுப் பையன் அதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. 'பாட்டு', 'காற்று' என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதல்லவா? கிட்டத்தட்ட அதேதான். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன குற்றியலுகரம் தார்னாக்காவில் வந்து கைகொடுத்தது! ஸ்பானிஷ் அவ்வளவு தொல்லை தராது. அதில் உயிரொலி ஐந்தே ஐந்துதான். தைரியமாக அனுப்புங்கள்.

கேள்வி: ரஷ்ய மொழிக்கு இன்னும் மவுசு இருக்கிறதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: எங்கள் காலத்து மவுசு இல்லை. அப்போது பிலாய், பொகாரோ உருக்காலைகள், நெய்வேலி அனல்மின் நிலையம் எல்லாம் சோவியத் உதவியில் எழுந்தவை. வரைபடமும் கையேடும் அந்த மொழியில் வரும், மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் பல வகுப்புகளில் கூட்டம் குறைந்தது. இருந்தாலும் கூடங்குளத்து அணுஉலைகள் ரஷ்யத் தயாரிப்புதான். சும்மா போய்விடாது.

கேள்வி: கைப்பேசிச் செயலியிலேயே மொழி கற்கலாமே, எதற்குப் பல்கலைக்கழகம்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: சுற்றுலா போக, சாப்பாடு கேட்டு வாங்க, செயலி போதும் தம்பி. மொழிபெயர்ப்பாளராகவோ ஆசிரியராகவோ ஆக வேண்டுமானால் தவறைத் தவறு என்று சொல்லி, ஏன் தவறு என்றும் சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். எனக்குச் செயலி மேல் பகை ஒன்றும் இல்லை. பேத்தி கொரிய நாடகமே கதி என்று இருக்கிறாளே என்று நானும் கொரிய மொழியை அதில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதமாகப் பழக்கடைப் பாடத்தைத் தாண்டவில்லை.