பதினாலாயிரம் ரூபாய் ஒயர் வாங்கலாமா?

கேள்வி: சார், என் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டும் 8 ஓம் ஸ்பீக்கர். "ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, பாட்டு அப்படியே திறந்துக்கும்" என்று சொல்லி ஜோடி ஒயருக்கு 14,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். உண்மையிலேயே வித்தியாசம் கேட்குமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கேட்காது. 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். போக வர 8 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.1 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. ஆக்ஸிஜன் இல்லாத செம்பு சாதாரணச் செம்பைவிட மின்சாரம் கடத்துவதில் ஒரு சதவீத அளவுக்குத்தான் கூடுதல்.

ஆனால் காலிங்பெல் ஒயர் மாதிரி நூலாக இருப்பதை இழுத்துவிட்டு, "ஒயரில் என்ன இருக்கு" என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அதில் தடை அரை ஓமைத் தாண்டும். சத்தத்தின் குணமே மாறும். செம்பு என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. நுனியில் ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"மாத்தினதும் நல்லா கேட்டுச்சே" என்பார்கள். கேட்டிருக்கும். ஒயரைக் கழற்றி மாட்டும்போதே டெர்மினலில் படிந்திருந்த கறுப்பு உரசிப் போய்விடும். அந்த வேலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷ்ஷும் செய்யும். ஆம்பை ஆஃப் செய்துவிட்டுத் துடையுங்கள். இன்னொன்று, இரண்டு ஒயரையும் ஒப்பிடும்போது ஒன்றில் வால்யூம் துளி கூடியிருந்தாலும் காது அதைத்தான் "நல்லது" என்று சொல்லும்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்.சி.ஏ. ஒயரில் ஷீல்டு, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, சரியில்லை என்றால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் ஏறும். ஒயரின் கப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தன்மை) கூடினால் மேல் ஸ்தாயியின் தன்மையே மாறும். அங்கே நல்ல ஒயர் வாங்குங்கள், நீளம் குறைவாக.

புது ஒயர் மாட்டும்போது சிவப்பு, கறுப்பைப் பார்த்து மாட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போய்விடும். அதற்கு 14,000 ரூபாய் ஒயரும் ஒன்றும் செய்ய முடியாது.