ஹாம்லெட் படிப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றியவை. அதனால் இந்தப் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

தமிழ் வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறேன் சார். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நோட்ஸ் மட்டும் படித்தால் போதுமா?

கதையை நோட்ஸில் தெரிந்துகொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ரசிகர்களுக்கும் இது புதுக்கதை அல்ல. ஹாம்லெட்டைப் பற்றிய பழைய நாடகம் ஒன்றைச் சுட்டும் குறிப்பு 1589-லேயே அச்சில் வந்திருக்கிறது.

கதை தெரிந்த பிறகு முதல் காட்சியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நள்ளிரவு, கோட்டை மதில், காவல் மாறும் நேரம். முதல் வரியே 'யாரங்கே?' என்ற கேள்விதான். அதைக் கேட்பது யார் என்று பாருங்கள். காவலில் நிற்பவன் கேட்க வேண்டியதை, அவனை மாற்ற வருகிறவன் கேட்கிறான். நிற்பவனோ, 'இல்லை, நீ பதில் சொல், நில்' என்று திருப்புகிறான். ஹாம்லெட்டின் செத்துப்போன அப்பாவின் ஆவி மேடைக்கு வருவதற்குள்ளேயே ஆட்கள் நடுங்கிப் போயிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டனின் குளோப் அரங்கில் நாடகம் நடந்தது பிற்பகல் வெளிச்சத்தில், கூரையில்லாத முற்றத்தில். இருட்டையும் குளிரையும் இந்தச் சில வரிகள்தான் கொண்டுவந்தாக வேண்டும்.

அப்புறம், தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது. தெரிந்த சொல்லில்தான் வழுக்கி விழுவோம். இதே காட்சியில் வரும் 'ரைவல்ஸ்' எதிரிகள் அல்ல, கூட்டாளிகள். ஆவியின் பின்னால் போகும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது, 'என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்' என்கிறான். அங்கே 'லெட்' என்றால் தடுப்பது. இன்றைய பொருளில் படித்தால் வரி தலைகீழாகிவிடும்.

'தௌ' (thou) என்பது மரியாதைச் சொல்தானே? பைபிளில் கடவுளையே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இல்லை, அது ஒருமை. 'தௌ' நம் 'நீ', 'யூ' நம் 'நீங்கள்'. நாமும் சாமியை 'நீ' என்றுதானே பாடுகிறோம்? அந்த நெருக்கம்தான் அங்கேயும்.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பெரிய வசதி இருக்கிறது. மூன்றாம் அங்கம், நான்காம் காட்சியை எடுங்கள். தாயின் அறைக்கு ஹாம்லெட் வருகிறான்.

ராணி: 'ஹாம்லெட், நீ உன் அப்பாவை மிகவும் புண்படுத்திவிட்டாய்.'
ஹாம்லெட்: 'அம்மா, நீங்கள் என் அப்பாவை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்.'

வாக்கியம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் அவள் சொல்லும் அப்பா, இப்போது அவளுக்குக் கணவனாகிவிட்ட சித்தப்பா கிளாடியஸ். அவன் சொல்லும் அப்பா, செத்துப்போன அரசர். அடுத்த வரியிலேயே ராணி 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். இதுவரை 'நீ' என்ற அம்மா திடீரென்று 'என்னங்க பேச்சு இது' என்று ஆரம்பித்தால் நம் வீட்டில் எப்படி இருக்கும்? அதே விலகல். இன்றைய ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு போய்விட்டதால், ஆங்கிலேய மாணவர் இதை அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குக் காது போதும். புத்தகத்தில் ஒவ்வொரு 'தௌ'வுக்கும் அடிக்கோடு போட்டு, எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

என் புத்தகத்தில் இருக்கும் ஒரு நீண்ட தனிமொழி தோழியின் புத்தகத்தில் இல்லை. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இந்த நாடகத்துக்கு மூன்று பழைய அச்சுகள் உண்டு. 1603-இல் வந்தது மிகச் சிறியது. அதில் 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற வசனம்கூட 'அதுதான் கேள்வி' என்று போகாமல், 'ஆம், அதுதான் விஷயம்' என்று போகும். 1604-05 பதிப்பு அதைவிட மிக நீளமானது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 பெரும் தொகுப்பு மூன்றாவது. நான்காம் அங்கத்தில் நார்வே இளவரசன் ஃபார்டின்பிராஸின் படையைப் பார்த்து ஹாம்லெட் பேசும் தனிமொழி இரண்டாவதில் மட்டுமே இருக்கிறது. நீங்கள் சொல்வது அதுவாகத்தான் இருக்கும். தேர்வுக்கு உங்கள் பல்கலைக்கழகம் சொன்ன பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பார்த்தால் போதாதா?

பாருங்கள், ஆனால் படித்த பிறகு. லாரன்ஸ் ஒலிவியரின் 1948 படத்தில் ஃபார்டின்பிராஸே கிடையாது. கென்னத் பிரானாவின் 1996 படம் ஏறக்குறைய நான்கு மணி நேரம், முழு வசனத்தோடு.

ஹாம்லெட் ஏன் தாமதிக்கிறான்? எந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்?

விடையைவிட, அதற்கு எதிரான வரிகளையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் முக்கியம். அப்பாவைக் கொன்ற கிளாடியஸ் ஜெபிக்க மண்டியிட்டிருக்கிறான், பழிவாங்க வேண்டிய ஹாம்லெட் வாளோடு பின்னால் நிற்கிறான். ஜெபத்தில் கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவான் என்று சொல்லி விலகிவிடுகிறான். அந்தப் பேச்சு படிக்கவோ சொல்லவோ கூடாத அளவுக்குக் கொடூரம் என்றார் விமர்சகர் சாமுவேல் ஜான்சன். தாமதிக்க ஒரு சாக்கு என்றார் கவிஞர் கோல்ரிட்ஜ். ஆனால் ஹாம்லெட் போன பிறகு கிளாடியஸ் எழுந்து, தன் சொற்கள்தான் மேலே போயின, எண்ணங்கள் கீழேயே கிடக்கின்றன என்கிறான். அவனால் ஜெபிக்கவே முடியவில்லை! அடுத்த காட்சியில் திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும், யாரென்று பார்க்காமலேயே குத்திவிடுகிறான் ஹாம்லெட். 'செயல்பட முடியாதவன்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் குத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒஃபீலியாவைப் பற்றிக் கட்டுரை. அவளுக்கு வசனமே குறைவு, என்ன எழுதுவது?

ஹாம்லெட் காதலித்த பெண் அவள். திரைக்குப் பின்னால் குத்துப்பட்டுச் செத்தவர் அவளுடைய அப்பா. மனம் பேதலித்த நிலையில், நான்காம் அங்கம், ஐந்தாம் காட்சியில் அவள் பூக்களும் இலைகளும் கொடுக்கிறாள். நினைவுக்கு ரோஸ்மேரி, எண்ணங்களுக்கு பான்சி என்று அவளே பொருள் சொல்கிறாள். பிறகு 'ரூ' என்ற கசப்புச் செடி வருகிறது. வருத்தம் என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள். 'உங்களுக்கு ரூ, எனக்கும் கொஞ்சம்; நீங்கள் வேறு விதமாகச் சூட வேண்டும்' என்கிறாள். யாரைப் பார்த்து? பழைய அச்சுகளில் மேடைக்குறிப்பு கிடையாது. அரசன், ராணி, அண்ணன் லேயர்டீஸ் மூவரும் எதிரே நிற்கிறார்கள். மூன்று தோழிகளை நிறுத்திவைத்து, கையில் காகிதத் துண்டுகளோடு அந்த வரிகளைச் சொல்லிப் பாருங்கள். ரூவை ஒரு தடவை அரசனிடம், ஒரு தடவை ராணியிடம் நீட்டுங்கள். கடைசியில் வயலெட் தர நினைத்தாள், அப்பா செத்த அன்றே அத்தனையும் வாடிவிட்டன என்கிறாள். அந்த வரி வரும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.