கணித உயிரியல்: கேள்வியும் பதிலும்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கவில்லை, உயிரியல்தான். இத்துறைக்கு வரலாமா? – வெள்ளவத்தை

தாராளமாக. வகையீட்டுச் சமன்பாடு, அணி, நிகழ்தகவு மூன்றையும் தினமும் கைப்படப் போட்டுப் பழகுங்கள்.

கணித உயிரியல் என்றாலே தொற்றுநோய்தானா? – கொட்டாஞ்சேனை

இல்லை. 1952ஐ மட்டும் எடுங்கள்: நரம்புக் கணத்தாக்கத்தை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சமன்பாடாக்கினார்கள், உடலில் புள்ளி, வரி போன்ற கோலங்கள் எப்படி உருவாகலாம் என்று டூரிங் காட்டினார். புற்றுக்கட்டியின் கூர்ப்பு, மீன்வள அறுவடை, புரத மடிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும்.

கணினியில் போட்ட மாதிரியுருவில் இரை, இரைகௌவி எண்ணிக்கைகளின் ஏற்ற இறக்கம் சுற்றுக்குச் சுற்று பெருத்துக்கொண்டே போகிறது. உயிரியல் காரணம் என்ன? – தெஹிவளை

உயிரியல் காரணம் எதுவுமில்லை. இரை–இரைகௌவிக்கான லொட்கா–வொல்ட்டேரா சமன்பாட்டை, படிக்குப் படி நேர்கோட்டில் நகரும் ஒயிலர் முறையில் தீர்த்திருப்பீர்கள். அது ஒவ்வொரு படியிலும் சுற்றுப்பாதையை வெளிப்பக்கம் தள்ளும். ஒரு படிக்குள் நான்கு முறை சாய்வு பார்க்கும் நான்காம் வரிசை ருங்கே–குட்டா முறையைப் போடுங்கள். எந்த முறை, என்ன படி என்று எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.

டூரிங்கின் கோலச் சமன்பாட்டைக் கணினியில் போட்டேன். புள்ளிகள் வரவேயில்லை. – வத்தளை

கோலத்தை வளர்க்கும் ஊக்கி, அதை அடக்கும் தடுப்பி என்ற இரண்டு பொருள்களின் பரவல் குணகமும் சமமென்றால் எந்தக் காலத்திலும் வராது. தடுப்பியை ஊக்கியைவிடப் பத்து மடங்கு வேகமாகப் பரவவிடுங்கள்.

கொழும்பின் வாராந்த டெங்கு எண்ணிக்கைக்கு மாதிரியுருவின் எட்டுப் பரமானங்களை (மாற்றக்கூடிய எண்களை) பொருத்தினேன். கோடு கச்சிதமாக விழுகிறது. அடுத்த ஆண்டை எதிர்வுகூறலாமா? – பம்பலப்பிட்டி

கூடாது. எத்தனை தடவை சொல்வது! ஆளுக்கு எத்தனை நுளம்பு, ஒரு கடியில் தொற்ற எவ்வளவு வாய்ப்பு: நோயாளர் எண்ணிக்கையில் இவை பெருக்கமாகத்தான் தெரியும். ஒன்றை இரட்டித்து மற்றதைப் பாதியாக்கினாலும் அதே கோடுதான் வரும். இருபது வெவ்வேறு தொடக்கப் பெறுமானங்களிலிருந்து பொருத்திப் பாருங்கள். கோடு அதேயாக இருந்து பரமானங்கள் சிதறினால் அந்த எண்களை நம்ப முடியாது.

அளக்கக்கூடியதை அளந்த பெறுமானத்திலேயே நிறுத்துங்கள். நுளம்புக்குள் வைரசு முதிரப் பத்து நாள் அளவில் பிடிக்கும். நுளம்பின் இறப்பு வீதம் நாளுக்கு 0.1 என்றால் அதுவரை தப்புபவை 37 சதவீதம், 0.2 என்றால் வெறும் 14. இந்த ஓர் எண்ணைக் கண்மூடிப் போட்டால் கணக்கு முழுவதும் ஆடும்.

அலகையும் பாருங்கள். நோயாளி 5 நாள் தொற்றுவார் என்றால் மீளும் வீதம் நாளுக்கு 0.2. வாரப் படியில் அதே 0.2ஐப் போட்டால் 5 வாரம் தொற்றுவார்!

2017இல் நாட்டில் ஏறத்தாழ 186,000 பேர் பதிவானார்கள். அந்த முறை மேலோங்கியது டெங்கு வைரசின் இரண்டாம் வகை. வகைகளே இல்லாத மாதிரியுரு அதை எங்கிருந்து சொல்லும்? கடைசி இரண்டு ஆண்டுத் தரவை ஒளித்துவைத்துப் பொருத்துங்கள், அந்த ஆண்டுகளைச் சொல்கிறதா பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

தொற்றுநோய்க்கான கேர்மாக்–மக்கென்ட்ரிக் மாதிரியுருவில் அடிப்படைப் பெருக்க எண் நாளுக்கு 1.5. கடைசியில் எத்தனை பேருக்குத் தொற்றும்? – மட்டக்குளி

எல்லோரும் சமமாகக் கலந்தால் 58 சதவீதம். அடிப்படைப் பெருக்க எண் என்பது யாருக்கும் எதிர்ப்பில்லாத மக்களிடையே ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்பது. அதற்கு அலகு கிடையாது. 'நாளுக்கு' என்பதை அழியுங்கள்.