ஹவாலாவில் பயங்கரவாதத்துக்குப் பணம் போனதை நிரூபிப்பது ஏன் கடினம்?

வங்கியைத் தொடாமல், ஆள்மேல் வைத்த நம்பிக்கையில் நடக்கும் பணமாற்றே ஹவாலா. இலங்கையில் உண்டியல் என்பார்கள். மதுரையில் அண்ணன் கடை, சென்னையில் தம்பி கடை என்று வையுங்கள். நீங்கள் அண்ணனிடம் 5,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். தம்பி அங்கே உங்கள் மகனிடம் கொடுத்துவிடுகிறார். கணக்கை அவர்கள் பிறகு நேர்செய்துகொள்வார்கள். பணம் பயணமே செய்யவில்லை, அதனால் பின்தொடரத் தடமும் இல்லை.

ஆகவே புலனாய்வாளர்கள் தேடுவது அடையாளங்களை: பணத்துக்கு உரியவர் தான்தான் என்று பெறுபவர் காட்டும் 10 ரூபாய் நோட்டின் வரிசை எண், துண்டுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்தி. செல்பேசித் தகவலோடு பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லையென்றால் நல்ல ஆதாரமும் வீணாகலாம்.

உண்மையான தலைவலி வேறு. பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டினால், உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆனால் பணம் எதற்குப் போகக்கூடும் என்று தெரிந்தே செய்ததாகக் காட்ட வேண்டும். கமிஷனுக்குக் கைமாற்றிய முகவர் "எனக்கென்ன தெரியும்?" என்பார். ஆனால் பணம் தாக்குதலுக்குச் செலவானது என்பதை நிரூபிக்கத் தேவையில்லை.

ஹவாலா என்றாலே பயங்கரவாத வழக்கு என்பது தவறு; எல்லை தாண்டிய வெறும் ஹவாலா, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையில் 3 மடங்கு வரை அபராதம் விதிக்கக்கூடிய மீறல்.