அப்துர் ரஹ்மான்: எழுதுவதும் கூப்பிடுவதும்

கேள்வி: பிறந்திருக்கும் மகனுக்கு அப்துர் ரஹ்மான் என்று பெயர் வைக்க ஆசை. அப்துல் ரஹ்மான் என்றல்லவா எழுத வேண்டும் என்கிறார் மாமனார். வீட்டில் ரஹ்மான் என்று மட்டும் கூப்பிடலாமா? பாஸ்போர்ட்டில் எப்படிப் போடுவது?

பதில்: ‘அப்த்’ என்றால் அடிமை, ‘ரஹ்மான்’ என்றால் அளவற்ற அருளாளன். நடுவே வரும் ‘அல்’, ர, ஸ, ந போன்ற ஒலிகளுக்கு முன்னால் லகரத்தை இழந்து அடுத்த எழுத்தோடு கலந்துவிடும். அதனால்தான் அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸமத். காதிர், கரீம் என்று வந்தால் ‘அப்துல்’ அப்படியே நிற்கும். ஆனால் அரபியில் எழுதும்போது அந்த ‘லாம்’, அதாவது லகர எழுத்து, எங்கேயும் போவதில்லை. ஆகவே மாமனார் சொல்வதையும் பிழை என்று தள்ள மாட்டேன். கவிக்கோ அப்துல் ரகுமானும் அப்படித்தானே எழுதினார்!

கூப்பிடுவதில்தான் கவனம் வேண்டும். ‘ரஹ்மான்’ இறைவனுக்கே உரிய பெயர். ‘அல்லாஹ் என்று அழையுங்கள், அல்லது ரஹ்மான் என்று அழையுங்கள்’ என்கிறது குர்ஆன் (17:110). அதனால் மனிதரைத் தனியே ரஹ்மான் என்று அழைப்பதை மார்க்க அறிஞர்கள் ஏற்பதில்லை. இறைவனின் இன்னொரு பெயரான ரஹீம் அப்படியல்ல, 9:128இல் நபியவர்களையே அந்தச் சொல்லால் குறிக்கிறது குர்ஆன். நம் ஊரில் ‘ரஹ்மான் பாய்’ சகஜம்தான், யாரும் தப்பான எண்ணத்தோடு கூப்பிடுவதில்லை. இருந்தாலும் குழந்தைக்கு இப்போதே ஒரு செல்லப் பெயர் வைத்துவிடுங்கள், பழகிவிடும். வெறும் ‘அப்துல்’ என்றால் யாருடைய அடிமை என்பதே இல்லாமல் பெயர் பாதியில் நிற்கும்; பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிடப்போகிறார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் பாஸ்போர்ட். ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதி, பெயர் என்ற இடத்தில் போடுங்கள். பிரித்தால் ‘அப்துர்’ பெயராகவும் ‘ரஹ்மான்’ குடும்பப் பெயராகவும் பதிவாகிவிடும். விமான டிக்கெட்டில் ‘மிஸ்டர் ரஹ்மான்’ என்றே வரும். குடும்பப் பெயர் இடத்தில் உங்கள் பெயரை எழுதலாம். அதைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று 2022இல் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்து, பலர் திண்டாடினார்கள்.

இதையெல்லாம் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அங்கே போடும் ஆங்கில எழுத்துகளையே ஆதாரிலும் பள்ளியிலும் மாற்றாமல் கொடுங்கள்.