பட்டை இருக்கட்டும், படம் முழுசா வரட்டும்

டிவி, புரொஜெக்டர், படத்தின் அளவு பற்றி என்ன சந்தேகமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சேலம் டவுனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்து குவிந்ததில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: “மேலேயும் கீழேயும் கறுப்பா வருதுங்க.” ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். டிவி மாட்டுவதும் செட்டிங் போட்டுக் கொடுப்பதும் என் பிழைப்பு. சினிமாவை எடுத்த அளவிலேயே பார்க்க வேண்டும் என்ற கட்சிக்காரன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தியையும் சீரியலையும் எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சூரமங்கலத்திலிருந்து: 55 இன்ச் டிவி வாங்கினேன் சார். படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. காசு கொடுத்த திரையில் கால்வாசி வீணாகிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. டேப் எடுத்து அளந்து பாருங்கள். 55 இன்ச் டிவியின் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு, 16:9. இப்போது வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப். உயரம் 1 என்றால் அகலம் 2.39. அந்தப் படத்தை 122 செ.மீ. அகலத்துக்குள் முழுசாக வைத்தால் உயரம் 51 செ.மீ.தான் வரும். மிச்சம் 17 செ.மீ. மேலும் கீழுமாகப் பிரிகிறது. அங்கே படமே கிடையாது, மறைந்திருப்பதும் எதுவும் இல்லை.

ஜூம் பட்டனை அழுத்திப் பட்டையை ஒழிக்கலாம். ஒழித்தால் இடமும் வலமும் சேர்த்துப் படத்தில் கால் பங்கு திரைக்கு வெளியே போய்விடும். திண்ணையின் இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் மகன், நடுவில் காலியிடம் என்று ஒரு காட்சி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பில் எடுத்ததே அந்தக் காலியிடத்துக்காகத்தான். ஜூம் செய்தால் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு மூக்கு தெரியும், நடுவில் திண்ணை பேசிக்கொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் டைட்டில் ஓடும்போது ஜூம் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் வரும் பெயர்கள் பாதியாக நிற்கும்.

அதே சார் மறுபடியும்: சரி, ஆனால் தியேட்டரில் ஸ்கோப் படம் பிரம்மாண்டமாக இருக்கிறதே, வீட்டில் மட்டும் ஏன் சின்னதாகிறது?

நல்ல கேள்வி. பட்டைமேல் உள்ள கோபமெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

நம்மூர்ப் பழைய தியேட்டர்களில் சாதா 35 எம்.எம். படத்துக்கும் ஸ்கோப் படத்துக்கும் திரையின் உயரம் ஒன்றுதான். ஸ்கோப் என்றால் பக்கவாட்டுக் கறுப்புத் துணி இன்னும் விலகி, திரை அகலமாகும். போஸ்டரில் ‘சினிமாஸ்கோப்’ என்று வளைவாகப் போட்டிருந்தாலே பெரிய படம் என்று அர்த்தம். வீட்டில் கதை தலைகீழ். டிவியின் அகலம் மாறாது, அதனால் உயரம் குறைகிறது. தியேட்டரில் எது பெரிதாக வந்ததோ அதுவே வீட்டில் சிறிதாகிறது.

இதற்கு மருந்து ஜூம் இல்லை, நாற்காலி. ஹாலில் சோபாவை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, படம் சின்னதாக இருக்கிறது என்பார்கள். 55 இன்ச்சுக்கு ஏழரை அடி சரியான தூரம். ஸ்கோப் படத்துக்கு ஆறடி வரை முன்னே வரலாம். 43 இன்ச் என்றால் ஆறடிக்குள் வந்துவிடுங்கள். கண் கெட்டுவிடும் என்று பாட்டி சொல்வது பழைய டப்பா டிவி காலத்துப் பயம்.

ஆத்தூர்த் தம்பி: அப்படியானால் டிவியையே சினிமா அளவில் செய்திருக்கலாமே அண்ணா?

செய்தார்கள், தம்பி. 2009இல் பிலிப்ஸ் 21:9 அளவில் டிவி விட்டது. ஸ்கோப் படம் பட்டையே இல்லாமல் வரும். ஆனால் செய்தி, கிரிக்கெட், சீரியல் எல்லாவற்றுக்கும் இடமும் வலமும் பட்டை. சில வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பங்காளிச் சண்டை இருக்கிறது. ஊமைப்படக் காலத்தில் சினிமா 4:3. பேசும் படம் வந்து, ஃபிலிமில் ஒலிக்கும் இடம் விட்ட பிறகு, 1932இல் 1.37 என்று நிலைத்தது. டிவி வந்தபோது அந்த 4:3ஐயே எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே அதே அளவில் படம் ஓடினால் தியேட்டருக்கு யார் வருவார்கள்? ஹாலிவுட் அகலத் திரையில் இறங்கியது. 1953இல் சினிமாஸ்கோப் வந்தது. இந்தியில் குரு தத் 1959இல் ஸ்கோப் படம் எடுத்தார். தமிழில் முதல் ஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. கேமராவின் ஸ்கோப் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நசுக்கி ஃபிலிமில் ஏற்றும், புரொஜெக்டர் லென்ஸ் திரும்ப விரிக்கும். ஆபரேட்டர் லென்ஸ் மாற்ற மறந்தால் எல்லோரும் பனைமரம் மாதிரி நெடுநெடுவென்று நிற்பார்கள், கீழே விசில் பறக்கும்.

பிறகு எச்.டி. டிவிக்கு ஓர் அளவு வேண்டியிருந்தது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்தில் இருந்த எல்லா அளவுகளையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். அவற்றையெல்லாம் உள்ளடக்கும் வெளிச்சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள்செவ்வகமும் ஒரே விகிதத்தில் வந்தன. அதுதான் 16:9. பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி எவருக்கும் முழுத் திருப்தி தராத அளவு. அதனால்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா: எங்க வீட்டுப் பெரியவர் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள்தான் பார்ப்பார். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது என்று பையன் ஏதோ அழுத்திவிட்டான். இப்போது திரை நிறைய வருகிறது. ஆனால் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்களே?

கன்னங்குறிச்சியிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் அல்லவா நீங்கள். அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் காலத்துப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமானவை, அந்த 1.37 அளவு. தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) உட்பட எல்லாம் அப்படித்தான். பையன் அழுத்தியது ‘ஸ்ட்ரெட்ச்’ ஆக இருக்கும். சில ரிமோட்டில் ‘வைட்’, ‘ஃபுல்’ என்றும் இருக்கும். அது அகலத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடும். ஒல்லியான கதாநாயகிக்கும் கன்னம் உப்பும், குதிரை எருமையாகும். வட்டமாக எதாவது திரையில் வரும்போது பாருங்கள், மாட்டுவண்டிச் சக்கரமோ தாம்பாளமோ. முட்டை வடிவில் தெரிந்தால் ஸ்ட்ரெட்ச் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரிமோட்டில் ‘4:3’ அல்லது ‘ஒரிஜினல்’ வையுங்கள். ஜூம் வேண்டாம், அது தலையிலும் காலிலும் சேர்த்துக் கால் பங்கை வெட்டும். அந்தக் காலத்து நடனக் காட்சிகளில் காலை வெட்டினால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? மறுவெளியீட்டின்போது சில பழைய படங்களை ஸ்கோப் ஆக்குகிறேன் என்று இதே வேலையைத் தியேட்டரிலும் செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பெரியவருக்குப் படம் சின்னதாகத் தெரிந்தால் நாற்காலியை முன்னே போட்டுக் கொடுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: யூடியூப்பில் பழைய படம் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு. நடுவில் தபால் தலை அளவில் படம். இதையும் அப்படியே விடச் சொல்வீர்களா?

மாட்டேன். இங்கே ஜூம் போடுங்கள், தாராளமாக.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் ஸ்கோப் படத்தை 4:3 டிவிக்காக மேலும் கீழும் பட்டை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டை வீடியோவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. உங்கள் டிவி அதை 4:3 வீடியோ என்று நினைத்து இடமும் வலமும் தன் பங்குக்குப் பட்டை போடுகிறது. திரையின் பரப்பில் பாதிகூடப் படம் கிடையாது. ஜூம் போட்டால் வெட்டுப்படுவது அந்தச் சேர்த்துவைத்த பட்டை மட்டுமே. படம் முழு அகலத்துக்கு வரும். கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கொண்டலாம்பட்டி அண்ணன் ஒருவர்: கேபிளில் மட்டும் ஆட்கள் சப்பையாகத் தெரிகிறார்கள். டிவி செட்டிங்கெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

செட்டாப் பாக்ஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் தனியாக ஓர் அளவு செட்டிங் உண்டு. இலவசக் கலர் டிவிக் காலத்து 14 இன்ச் பெட்டிக்கு ஏற்ற மாதிரி 4:3 என்று வைத்தது அப்படியே கிடக்கும், இல்லையென்றால் பாக்ஸே இழுத்து அனுப்பும். பாக்ஸில் 16:9, ‘ஆட்டோ’ இருந்தால் ஆட்டோ. டிவியில் ‘ஒரிஜினல்’. இரண்டில் எதுவும் தன்னிஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது. சில சேனல்கள் தாங்களே இழுத்து ஒளிபரப்புகின்றன. அதற்கு உங்கள் வீட்டில் வைத்தியம் இல்லை.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: செய்திச் சேனலில் கீழே ஓடும் வரி பாதி வெட்டுப்படுகிறது.

ஓவர்ஸ்கேன். டப்பா டிவிக் காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்காக வராது என்பதால் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் திரைக்கு வெளியே தள்ளுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதைப் போட்டால் முழுசாக வரும். சினிமாவுக்கும் இதுதான் சரி.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: ஓஎல்இடி டிவி. பட்டையோடு படம் பார்த்துக்கொண்டே இருந்தால் திரையில் தழும்பு விழுமா?

பட்டையில் பிக்சல்கள், அதாவது திரையின் ஒளிப்புள்ளிகள், அணைந்தே கிடக்கும். அங்கே தேய்மானமே இல்லை. வருஷக்கணக்கில் ஸ்கோப் படம் தவிர வேறெதுவும் பார்க்காதவராக இருந்தால் மட்டுமே நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் வர வாய்ப்பு. நீங்கள் பயப்பட வேண்டியது நாள் முழுக்க ஒரே இடத்தில் பளிச்சென்று நிற்கும் சேனல் லோகோவுக்கு.

சாதாரண எல்இடி டிவியில் தழும்புப் பிரச்சினை இல்லை. அங்கே வேறு தொல்லை. பின்னாலிருக்கும் விளக்கு கசிந்து பட்டை சாம்பல் நிறத்தில் தெரியும். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தான் இது உறுத்தும். டிவிக்குப் பின்பக்கம் மங்கலாக ஒரு வெள்ளை விளக்கு வையுங்கள், பட்டை கறுப்பாகிவிடும். கண்ணுக்கும் இதம்.

ஓமலூரிலிருந்து: இங்கிலீஷ் படம் ஒன்றில் பட்டை வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. டிவி ரிப்பேரா?

இல்லை. ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சி உயரமாகவும் மற்றவை ஸ்கோப்பிலும் இருக்கும். 2008இல் வந்த ‘த டார்க் நைட்’ ப்ளூ-ரேயிலேயே இந்த விளையாட்டு உண்டு. சண்டைக் காட்சியில் திரை நிறைந்தால் ரசியுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஹோம்ஸ்டே நடத்துபவர்: விருந்தினர்களுக்காக ஓர் அறையில் புரொஜெக்டர் வைக்கப் போகிறேன். சுவரில் பத்தடி அகலம் கிடைக்கும், ஓட்டுக் கூரை தாழ்வு. ஸ்கிரீன் 16:9 வாங்குவதா, ஸ்கோப் அளவில் வாங்குவதா?

கேட்கவே ஆசையாக இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். பத்தடி அகலத்தில் 16:9 ஸ்கிரீன் என்றால் ஐந்தரை அடிக்கு மேல் உயரம். ஸ்கோப் ஸ்கிரீன் என்றால் நாலேகால் அடி போதும். தாழ்ந்த கூரைக்கு இரண்டாவதுதான் அழகாக உட்காரும், தியேட்டரில் இருப்பது போலவே ஸ்கோப் படம் அகலமாக விரியும். அதே ஸ்கிரீனில் கிரிக்கெட் போட்டால் நடுவில் ஏழரை அடி அகலத்துக்கு வரும். அதுவே பெரிதுதானே?

ஆனால் ஒரு சிக்கல். புரொஜெக்டருக்குள் இருக்கும் சில்லு பொதுவாக 16:9தான். ஸ்கோப் படத்தை ஸ்கிரீன் நிறைய வைக்க லென்ஸை விரிக்க வேண்டும். கிரிக்கெட்டுக்குத் திரும்பச் சுருக்க வேண்டும். விலை கூடிய மாடல்களில் லென்ஸ் மெமரி உண்டு, ரிமோட்டில் ஓர் அழுத்தலில் முடியும். விலை குறைந்ததில் ஒவ்வொரு தடவையும் நாற்காலிமேல் ஏறிக் கையால் திருக வேண்டும். ஹோம்ஸ்டேயில் அதை யார் செய்வார்கள்? கண்ட கண்ட விருந்தினர் திருகி வைப்பார்கள். லென்ஸ் மெமரி வாங்க முடியாதென்றால், கூரை இடிக்காத அளவுக்கு 16:9 ஸ்கிரீனே போடுங்கள். பட்டையை மறைக்கக் கறுப்புத் துணி ஒன்று மேலேயும் கீழேயும் தொங்கவிட்டால் ஸ்கோப் படம் தனி எடுப்பாக இருக்கும்.

அப்புறம், உங்கள் ஊர் மூட்டம். சாயங்காலம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் படம் முழுக்கப் பனி விழுந்த மாதிரி ஆகும், சுத்தம் செய்வதும் லேசில்லை. உபயோகிக்காத நாளில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

தாதகாப்பட்டியிலிருந்து: அண்ணா, என் மாமியாருக்குப் பட்டை இருந்தால் பிடிக்காது. எனக்கு ஜூம் போட்டால் பிடிக்காது. தினமும் ரிமோட் சண்டை.

மாமியார் பார்ப்பது கேபிள், நீங்கள் பார்ப்பது ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கிலோ ஸ்ட்ரீமிங் பாக்ஸிலோ என்றால் பிரச்சினை தீர்ந்தது தங்கச்சி. பல டிவிகள் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கும் அளவைத் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். கேபிளுக்கு ஜூம், உங்களுடையதற்கு ஒரிஜினல் என்று ஒருமுறை வைத்துவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்க்கிற நாளில் அவர் சொல்கிறபடி விடுங்கள். நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ஜாகீர் அம்மாபாளையத்துக் கல்லூரி மாணவர்: போனில் இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறேன். அதுவும் தப்பா?

போன் பெரும்பாலும் 20:9. ஸ்கோப் படத்துக்கு அது கிட்டத்தட்டப் பொருத்தம், விரித்தாலும் பெரிதாக எதுவும் போகாது. 16:9 வெப் சீரிஸை விரித்தால் மேலும் கீழுமாக ஐந்தில் ஒரு பங்கு போகும். 2:1 அளவில் எடுத்த சீரிஸ் இப்போது நிறைய. அதில் பத்து சதவீதம் போகும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: டிவி வாங்கப் போகிறேன். ஷோரூமில் எந்த டிவியிலும் பட்டையே இல்லையே?

அங்கே ஓடுவது கம்பெனி டெமோ வீடியோ, 16:9க்கென்றே எடுத்தது. கிளி, பூ, அருவி. பென் டிரைவில் ஒரு ஸ்கோப் படமும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படமும் எடுத்துப் போங்கள். இரண்டையும் போட்டு, ரிமோட்டிலிருந்தே அளவை மாற்ற முடிகிறதா, மெனுவுக்குள் எத்தனை படி இறங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு டிவிக்குள் இருக்கும் ஓடிடி ஆப் ஒன்றைத் திறந்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பல டிவிகளில் ஆப்புக்குள் போனால் அளவு மாற்றும் வசதி வேலை செய்யாது. பில் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.